எங்க வீட்டு உதடு

எங்க அப்பாவுக்குக் கீழ் உதட்டுல புள்ளி இருந்துச்சு. எனக்கு இருக்கு. என் பொண்ணுக்கும் இருக்கு. நாவப்பழம் தின்னுட்டு வாய் கழுவாம வந்த மாதிரி, பொடிப் பொடியா, கறுப்பும் நீலமும் கலந்த ஒரு கலர்ல. மத்த குடும்பத்துல கொழந்தை பொறந்தா மூக்கு யாரு மாதிரி, நெறம் யாரு மாதிரினு பாப்பாங்க. எங்க குடும்பத்துல உதட்டைப் பாப்போம்.

என் பொண்ணு பொறந்தப்போ உதடு பளிச்சுனு இருந்துச்சு. "அப்படியே அம்மா"ன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. என் பொண்டாட்டிக்கு அதுல ரொம்பப் பெருமை. நானும் ரெண்டரை வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் காலையில பல்லு தேச்சுவிடும்போது உதட்டுக்கு உள்பக்கம் ஒரு கறுப்புப் பொட்டு. அழுக்குனு நெனச்சுத் தொடச்சேன், போகல. ஒரு மாசத்துல நாலு ஆச்சு. நான் பெட்டி நெறைய மைசூர்பாக் வாங்கிக்கிட்டு வேலைக்குப் போனேன். எதுக்குனு கேட்டாங்க. "என் பொண்ணுக்கு எங்க வீட்டு உதடு வந்துருச்சு"ன்னேன். என்னை ஒரு மாதிரி பாத்துட்டு ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கிட்டாங்க. எனக்கு அப்படிப் பாக்குற பார்வையெல்லாம் பழக்கம்.

வேலைனா, தி.நகர்ல ஒரு மேட்சிங் சென்டர். புடவைய எடுத்துக்கிட்டு வருவாங்க, அதுக்கு ஒத்துப்போற ஜாக்கெட் துணி நான் எடுத்துக் குடுக்கணும். இருபது வருஷத்துக்கு மேல அதான் பொழப்பு. செவப்புல மட்டும் ஒரு அறுபது செவப்பு எனக்குத் தெரியும். தக்காளிச் செவப்பு, செங்கல் செவப்பு, குங்குமம், கோவப்பழம், அரக்கு, மாதுளை. கடை லைட்டுல எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும். அதனால துணிய எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போயி பகல் வெளிச்சத்துல காட்டுவோம். அப்போதான் உண்மை தெரியும். நடுவுல ரெண்டு ஜோக் சொல்லுவேன். கல்யாணப் பொண்ணு சிரிச்சா அம்மா சிரிக்கும், அம்மா சிரிச்சா வியாபாரம் முடிஞ்சுரும். கலர்ல நம்மள மிஞ்ச ஆள் இல்லனு மயிலாப்பூர்லேர்ந்து அசோக் நகர் வரைக்கும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன் நான்.

அந்தக் கண்ண வெச்சுக்கிட்டு என் பொண்ணு உதட்டுல என்ன பாத்தேன்னா, அழகப் பாத்தேன்.

அவ மூணாவது படிக்கும்போது ஸ்கூல் ஐடி கார்டுக்கு போட்டோ எடுத்தோம். மந்தைவெளியில ஒரு ஸ்டுடியோ. அந்த ஆள் நல்ல எண்ணத்துல கம்ப்யூட்டர்ல புள்ளியெல்லாம் அழிச்சிட்டு, ரோஸ் உதடு ஒண்ணு போட்டுக் குடுத்துட்டாரு. நான் சண்டைக்குப் போயிட்டேன். "யாரு சார் இது, என் பொண்ணு எங்க?" அவரு, "சார், முகத்துல அழுக்கு மாதிரி இருந்துச்சு, க்ளீன் பண்ணேன்"னாரு. "அது அழுக்கு இல்ல சார், அட்ரஸ்"னேன். ஒவ்வொரு புள்ளியா விரல வெச்சுக் காட்டி, திரும்பப் போட வெச்சேன். ஒம்போது புள்ளி. பின்னாடி நாலு பேர் க்யூல நின்னுக்கிட்டு இருந்தாங்க. வீட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்டப் பெருமையா சொன்னா, "உன்ன மாதிரி லூசு இந்த மெட்ராஸ்லயே இல்ல"ன்னா. பொதுவா அவ சொல்றது சரியாத்தான் இருக்கும்.

எங்க குடும்பத்துக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. வயித்து வலி. அப்பாவுக்குத் தொப்புளுக்கு மேலேர்ந்து கீழ வரைக்கும் பெரிய தையல் தழும்பு இருந்துச்சு. வாலிபத்துல குடல் முறுக்குனு அறுத்தாங்களாம். நாங்க கேட்டா சட்டையத் தூக்கி, "இது ரயில் ரோடு, இங்க ஸ்டேஷன்"னு தொப்புளக் காட்டுவாரு. எனக்கும் சின்ன வயசுல அப்பப்போ வலி வரும், சுருண்டு படுத்துக்குவேன், கொஞ்ச நேரத்துல போயிரும். உதடும் வயிறும் ஒரே ஆளுங்களுக்குத்தான் வருதுனு எங்க வீட்டுல ஒருத்தரும் சேத்து வெச்சுப் பாக்கல. புடவையும் ஜாக்கெட்டும் பொருத்தம் பாக்குறதே தொழிலா இருக்குறவன், நானும் பாக்கல.

பொண்ணுக்கு எட்டு வயசுல வலி ஆரம்பிச்சுது. நல்லா வெளையாடிக்கிட்டே இருப்பா, திடீர்னு வயித்தப் புடிச்சுக்கிட்டுக் குத்துக்கால் போட்டு உக்காருவா. வாந்தி எடுப்பா. அரை மணி நேரம், முக்கா மணி நேரம். அப்புறம் எழுந்து, "சாப்பிட இன்னா இருக்கு"ம்பா. முதல் தடவை ஓமத் தண்ணி குடுத்தோம், போச்சு. ஓமத்துக்கு நல்ல பேரு. அடுத்த தடவை சோடா, அதுக்கும் நல்ல பேரு. ஒரு தடவை நான் போலீஸ்காரர் மாதிரி நடிச்சுக் காட்டினேன், வலி போச்சு, அந்த நல்ல பேர நான் எடுத்துக்கிட்டேன். வலி அதுவா வந்துச்சு, அதுவாப் போச்சுனு இப்போ தெரியுது. க்ளினிக்ல காட்டினா, "பூச்சியா இருக்கும், காரம் குறைங்க"னு மாத்திரை குடுத்தாங்க. அங்க உதட்டப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லல. கேட்டிருந்தா பெருமைதான் பட்டிருப்பேன்.

அப்புறம் மீன்கார அக்கா. பட்டினப்பாக்கம் கடற்கரை ஓரம் காலையில மீன் விப்பாங்க. மீன் தீந்ததும் அதே இடத்துல தொக்கம் எடுப்பாங்க. சாப்பிட்டது வயித்துல எங்கயோ சிக்கிக்கிச்சு, அதான் வலினு ஒரு நம்பிக்கை. எண்ணெய் தடவி, வயித்த நீவி நீவி, அதை எறக்கி விடுறதுதான் தொக்கம் எடுக்குறது. எங்க ஏரியாவுல டாக்டருக்கு ஒரு க்யூன்னா அக்காவுக்கு ஒண்ணரை க்யூ. ரெண்டு தடவை பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன். ரெண்டு தடவையும் அவங்க கைய வெக்கும்போதே வலி எறங்கிடுச்சு. அக்கா என் பாக்கெட்டுல வெத்தலையத் திணிச்சு, "பரோட்டா துன்ன வுடாத நைனா"ன்னு அனுப்பி வெச்சாங்க.

மூணாவது தடவை ஒரு ஞாயித்துக்கெழமை. பொண்ணுக்கு அப்போ பத்து வயசு. காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்ச வலி, பத்து மணி ஆகியும் போகல. வாந்தி பச்சையா வந்துச்சு. என் பொண்டாட்டி, "ஆஸ்பத்திரிக்குப் போலாம்"னா. நான், "அக்கா நாலு நீவு நீவினா சரியாப் போயிரும், வா"ன்னு தூக்கிக்கிட்டு நடந்தேன். அந்த நடைய இன்னைக்கு நெனச்சாலும் என் கால் ரெண்டையும் ஒடிக்கணும்போல இருக்கு.

அக்கா கடைசி வஞ்சிரத்த வெட்டிக்கினு இருந்தாங்க, தொக்கத்துக்கு ஆளுங்க காத்துக்கிட்டு நின்னாங்க. என் பொண்ணோட மூஞ்சப் பாத்துட்டுக் கத்திய வெச்சுட்டாங்க. சோப்புத்தூள் போட்டு முழங்கை வரைக்கும் கை கழுவினாங்க. எண்ணெய் பாட்டிலத் தொடக்கூட இல்ல. ரெண்டு விரல மட்டும் தொப்புளுக்குப் பக்கத்துல வெச்சாங்க. வெச்ச கை அப்படியே நின்னுச்சு. அக்கா கண்ண மூடிக்கிட்டு, விரலால எதையோ கேக்குற மாதிரி இருந்தாங்க.

"நைனா, உள்ள கட்டியா ஒண்ணு கீது. வாழக்கா கணக்கா நீட்டமா கீது. இது தொக்கம் இல்ல."

"அக்கா, கொஞ்சம் நீவி விட்டுப் பாருங்களேன்."

"உன் வாய்ல என் செருப்பு. நான் கை வெச்சேன்னா உள்ள கிழிஞ்சிரும். தெனம் நூறு கொடல உருவறேன் நானு, எனக்குத் தெரியாதா எது சும்மா இருக்குற கொடலு, எது சிக்கிக்கினு இருக்குற கொடலுனு? புள்ளைக்குத் தண்ணி கூடத் தராத. தூக்கிக்கினு ஓடு. கூட்டத்த நான் வெலக்கி வுடறேன்."

அந்த ரெண்டு விரல் எந்த மெஷினுக்கும் முன்னாடி கண்டுபுடிச்சுது. அக்கா ஒண்ணும் தெரியாத மாதிரி நாலு தடவை நீவி, வெத்தலை குடுத்து அனுப்பியிருக்கலாம். அவங்கள நம்பி இருபது பேர் க்யூல நிக்கும்போது, "இது என்னால ஆகாது"னு சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேணும்னு இன்னைக்கு வரைக்கும் யோசிக்கிறேன். நான் கடையில அந்த மாதிரி ஒரு தடவை கூடச் சொன்னது கெடையாது. துணி இல்லனா இருக்குறதுல எதையாவது ஒத்துப் போகுதுனு தலையில கட்டிருவேன்.

ஆட்டோவுல அடையாறு பாலம் தாண்டினோம். பொண்ணு என் பொண்டாட்டி மடியில சுருண்டு கெடந்தா. எனக்குக் கை கால் ஓடல, வாய் மட்டும் ஓடுச்சு. ஆத்தப் பாத்துட்டு, "இந்த ஆத்து நாத்தத்துக்கே வலி பயந்து ஓடிரும் பாரு"ன்னேன். அவ கண்ணத் தொறக்காம, "ப்பா, சிரிக்க வெக்காத. வலிக்குது"ன்னா. அவ பொறந்ததுலேர்ந்து எங்கிட்டச் சிரிக்க வெக்காதனு சொன்னது அதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில நேரா ஸ்கேனுக்கு எடுத்துட்டுப் போனாங்க. அந்தத் திரையில ஒரு வட்டம், அதுக்குள்ள ஒரு வட்டம், அதுக்குள்ள இன்னொண்ணு. வளையலுக்குள்ள வளையல். ஸ்கேன் எடுத்தவரு எழுந்து போயி ஒரு டாக்டரக் கூட்டிக்கிட்டு வந்தாரு. கொழந்தைங்க வயித்து ஆபரேஷன் பண்றவங்க. குள்ளமா, கண்ணாடி போட்டு, கொஞ்சம் தூங்கி எழுந்த மாதிரி இருந்தாங்க. ஸ்கேனப் பாத்தாங்க, வயித்தத் தொட்டாங்க, அப்புறம் என் பொண்ணோட மொகத்தப் பாத்தாங்க. பாத்துட்டு, அந்தச் சக்கரக் கட்டில ஜன்னல்கிட்டத் தள்ளினாங்க. அவ தாடையப் புடிச்சு வெயில் பக்கமாத் திருப்பி, கீழ் உதட்ட மெதுவா மடிச்சுப் பாத்தாங்க.

நான் கடையில பண்றது அது. சந்தேகம் வந்தா பகல் வெளிச்சத்துக்கு எடுத்துட்டுப் போறது. பத்து வருஷமா நான் பாத்த அதே உதட்ட, அவங்க பத்து செகண்டுல பாத்து முடிச்சாங்க.

"இது எப்போலேர்ந்து இருக்கு?"

"சின்ன வயசுலேர்ந்து மேடம். எங்க குடும்பத்துல எல்லாருக்கும்..."

"நீங்க மீசைய கொஞ்சம் மேல தூக்குங்க."

மீசைய முறுக்கிப் பழக்கம் உண்டு, தூக்கிக் காட்டிப் பழக்கம் இல்ல. ரெண்டு விரலால தூக்கிக்கிட்டு வாயப் பொளந்து நின்னேன். அவங்க டார்ச் அடிச்சு உதட்டையும் கன்னத்துக்கு உள்பக்கத்தையும் பாத்தாங்க. வயசானா வெளியில இருக்குறது மங்கிப் போகும், உள்ள இருக்குறது அப்படியே இருக்கும்னாங்க. "உங்க அப்பாவுக்கு வயித்துல ஆபரேஷன் ஆச்சா?"ன்னு கேட்டாங்க. அவரப் பத்தி அது வரைக்கும் நான் வாயே தொறக்கல. ஆச்சுன்னேன். அப்பா அம்பத்தி ரெண்டு வயசுல வயித்துல ஏதோனு படுத்து மூணு மாசத்துல போயிட்டாருனும் சொன்னேன். அந்த 'ஏதோ'வ அன்னைக்கு வரைக்கும் நாங்க யாரும் கேள்வி கேட்டதில்ல.

அவங்க ஒரு கையுறைய எடுத்து விளக்கினாங்க. குடலுக்குள்ள காளான் மாதிரி, காம்போட ஒரு சதை வளருது. பாலிப்னு பேரு. பரம்பரையா வர்றது, உதட்டுப் புள்ளிதான் அதோட வெளி அடையாளம். குடல் சாப்பாட்டத் தள்ளுற மாதிரி அந்தச் சதையையும் சாப்பாடுனு நெனச்சுத் தள்ளும். சதை போகும்போது குடலையும் சேத்து உள்ள இழுத்துக்கிட்டுப் போயிரும். கையுறையோட ஒரு விரல உள்ள தள்ளிக் காட்டினாங்க. இத்தனை நாளும் உள்ள போயி அதுவா வெளிய வந்திருக்கு. இன்னைக்கு மாட்டிக்கிச்சு. உள்ள போன பாகத்துக்கு ரத்தம் போகல.

என் பொண்டாட்டி வீட்டுல ஜாக்கெட் தெக்கிறவ. கையுறையையே பாத்துக்கிட்டு இருந்தவ கேட்டா, "ஜாக்கெட்டுக்கு நாடா திருப்புற மாதிரியா மேடம்? முன்னாடிலேர்ந்து இழுத்தா கிழிஞ்சிரும். பின்னாடிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளிக்கினு வரணும்."

டாக்டர் அவள நிமிந்து பாத்தாங்க. "அதேதான்மா. நாங்க இழுக்க மாட்டோம். பின்னாடிலேர்ந்து பிதுக்கித்தான் எடுப்போம்."

"எடுத்தப்புறம்?"

"எடுத்தப்புறம் கலர் பாப்போம்."

நான் தலைய நிமித்தினேன். அவங்க சொன்னாங்க. ரத்தம் போகாத குடல் கறுத்திருக்கும். வெளிய எடுத்து, வெதுவெதுனு ஈரத் துணி சுத்தி, கொஞ்ச நேரம் காத்திருப்பாங்க. ரத்தம் திரும்பி ரோஸ் வந்தா அந்தக் குடல் பொழைச்சுது. வரலைனா அந்தப் பாகத்த வெட்டித்தான் ஆகணும். எவ்வளவு நீளம் வெட்டணும்ங்குறதுலதான் இனிமே அவ சாப்பிட்டு வளர்றதே இருக்கு. தெறந்து பாக்குற வரைக்கும் யாராலயும் சொல்ல முடியாது.

கையெழுத்துப் போட்டுட்டு வெளிய பெஞ்சுல உக்காந்தோம். பகல் ஒரு மணி. எதிர்ல ஒரு குடும்பம் லெமன் சாதம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. இத்தனை பேர் வயித்துலயும் இருபது அடிக்கு மேல ஒரு குழாய் மடிச்சு வெச்சிருக்கு, யாரும் கேக்காம, யாரும் பாக்காம, இந்த எலுமிச்சங்காய் சாதத்தத் தள்ளிக்கிட்டுப் போயிக்கிட்டு இருக்குனு அப்போதான் முதல் தடவையா நெனச்சேன். நாப்பத்தெட்டு வருஷம் சாப்பிட்டிருக்கேன். ஒரு தடவை கூட அதுக்கு நன்றி சொன்னதில்ல. சாப்பாடு நல்லா இருந்தா சமைச்சவளுக்கே சொன்னதில்ல, அது வேற.

பொண்டாட்டி எங்கிட்டப் பேசல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். ரொம்ப நேரம் கழிச்சு, "மைசூர்பாக் வாங்கிக் குடுத்தியே"ன்னா. அவ்வளவுதான். என் ஆயுசுக்கும் போதும்.

டாக்டர் வெளிய வரும்போது மணி நாலே கால். தொப்பிய கழட்டிட்டு, சுவத்துல சாஞ்சு நின்னாங்க.

"தெறக்கும்போது கத்திரிக்காய் கலர்ல இருந்துச்சு. ரெண்டு அடி கிட்ட. நெஜமா பயந்துட்டேன். துணி சுத்தி வெச்சிட்டு நாங்க எல்லாரும் கைய கட்டிக்கிட்டு நின்னோம். கொஞ்சம் கொஞ்சமா திரும்புச்சு. ஒரு நாலு விரல் அளவு மட்டும் வரல. அதை வெட்டிட்டு, ரெண்டு முனையையும் சேத்துத் தெச்சிட்டேன். சதை மூணு இருந்துச்சு, எடுத்தாச்சு. மத்த குடல் பூரா நல்லா இருக்கு."

என் பொண்டாட்டி அப்படியே தரையில உக்காந்துட்டா. அந்த நேரத்துல ஒரு மனுஷன் என்ன கேக்கணும்? பொழைச்சுருவாளா, எப்போ கண் முழிப்பா, இதெல்லாம் கேக்கணும். என் வாயிலேர்ந்து வந்தது, "என்ன ரோஸ் மேடம்?"

கேட்டுட்டு நாக்கக் கடிச்சுக்கிட்டேன். ஆனா அவங்க சிரிக்கல. கொஞ்சம் யோசிச்சாங்க. தன்னோட உள்ளங்கையத் திருப்பிப் பாத்தாங்க, வேணாம்னு தலையாட்டிட்டு, பக்கத்து பெஞ்சுல தூங்கிக்கிட்டிருந்த ஒரு கைக்கொழந்தையக் காட்டினாங்க.

"அந்தக் கொழந்தையோட உள்ளங்கால் இருக்கே, அது."

நான் அறுபது செவப்பு பாத்தவன். ரோஸ்ல நாப்பது பாத்திருப்பேன். அந்தக் காலையே பாத்துக்கிட்டு நின்னேன். கத்திரிக்காய் கலர்லேர்ந்து அந்தக் கலருக்கு, சாயம் இல்லாம, யாரும் தொடாம, ஒரு ஈரத் துணிக்குள்ள தானா மாறியிருக்கு.

"இன்னும் முடியல"ன்னு டாக்டர் சொன்னாங்க. "தையல் நிக்கணும். குடல் இப்போ அதிர்ச்சியில தூங்குது. அது எழுந்து வேலை செய்யணும். காத்து பிரியணும். அது வரைக்கும் வாய் வழியா ஒரு சொட்டு கெடையாது."

அடுத்த நாள்லேர்ந்து அந்த வார்டுல எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, "காத்து போச்சா?" காலையில பெரிய டாக்டர் கேப்பாங்க, மத்தியானம் சின்ன டாக்டர், பெருக்குற அம்மா கூட வெளக்கமாத்தத் தூக்கிக்கிட்டே, "பாப்பாக்குப் போச்சா?"ம்பாங்க. வீட்டுல அதுக்கு எத்தன திட்டு வாங்கியிருக்கேன். இங்க படிச்சவங்க எல்லாம் வரிசையா நின்னு அதுக்குத் தவம் கெடக்குறாங்க.

என்னால சும்மா இருக்க முடியுமா? ரெண்டாவது நாள் நர்ஸம்மா வந்து கேட்டப்போ, "பாப்பாவுக்கு இல்ல சிஸ்டர், எனக்குத்தான் போச்சு, எழுதிக்கோங்க"ன்னேன். என் பொண்ணுக்குச் சிரிப்பு வந்துருச்சு. வயித்துல தையல். சிரிக்கவும் முடியாம, அடக்கவும் முடியாம கண்ணுல தண்ணி வந்து, மூக்குல போட்டிருந்த குழாயப் புடிச்சுக்கிட்டுத் துடிச்சுட்டா. நர்ஸம்மா எங்கிட்ட மெதுவாச் சொன்னாங்க, "அப்பா, நீங்க இந்த ரூம்ல இருக்கணும்னா பேசக் கூடாது."

அதனால ரெண்டு நாள் நான் பேசல. தி.நகர்ல கேட்டா யாரும் நம்ப மாட்டாங்க. பேசாம உக்காந்தா கண்ணு வேலை செய்யுது. அவ மூச்சு விடும்போது போர்வை ஏறி எறங்குறதப் பாத்தேன். உதடு காஞ்சு வெடிச்சிருந்துச்சு, பொண்டாட்டி ஈரப் பஞ்சு வெச்சு ஒத்தி எடுப்பா. புள்ளி ஒம்போது இல்ல, பதினொண்ணு. ரெண்டு புதுசு. முன்னாடியா இருந்தா யாருக்காவது போன் போட்டிருப்பேன்.

தெனம் காலையில டாக்டர் வந்து வயித்துல ஸ்டெத்தஸ்கோப் வெச்சு, ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் கேப்பாங்க. எடுத்துட்டு, "இன்னும் சத்தமில்ல"ம்பாங்க. மூணாவது நாள் வயிறு கொஞ்சம் உப்பின மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு ரெண்டு தடவை வந்து பாத்தாங்க. தையல் விட்டுப் போயிருந்தா மறுபடி தெறக்கணும், நாளைக்குப் பாத்து முடிவு பண்ணலாம்னு என்னை மட்டும் திரைச்சீலைக்கு வெளிய கூப்பிட்டுச் சொன்னாங்க. அப்போவே இன்னொண்ணும் சொன்னாங்க. இது அப்பா அம்மாலேர்ந்து பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புல வர்றது, யாரு செஞ்ச தப்பும் இல்ல. சில வருஷத்துக்கு ஒரு தடவை குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாத்து, சதை சின்னதா இருக்கும்போதே எடுத்துட்டா இந்த மாதிரி மாட்டிக்காது. அவளுக்கு மட்டும் இல்ல, எனக்கும் பாக்கணும். பெரியவங்களுக்கு அது கேன்சராவும் மாறலாம். "அடுத்த வாரமே வாங்க"ன்னாங்க. மண்டைய ஆட்டினேன். மனசுக்குள்ள, அவளுக்கு மட்டும் இன்னைக்குக் காத்து போகட்டும், எனக்கு நீ எந்த ஊர் கேமரா வேணும்னாலும் விட்டுக்கோனு யாருகிட்டயோ பேரம் பேசிக்கிட்டு இருந்தேன்.

நாலாவது நாள் காலையில பதினோரு மணி. பொண்டாட்டி கீழ மருந்து வாங்கப் போயிருந்தா. நான் திரைச்சீலைய இழுத்து விட்டுட்டு ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். ரொம்ப சின்னச் சத்தம். ஈரத் துணிய ஒதறுனா முனையில வர்ற மாதிரி. நான் அவளப் பாத்தேன். அவ சுவத்தப் பாத்தா.

"நீயா?"ன்னேன்.

"ப்பா, யார்கிட்டயும் சொல்லாத. அசிங்கம்."

"கண்ணு, இந்த ஆஸ்பத்திரியே இதுக்குத்தான் காத்துக்கினு இருக்கு."

"நீ எல்லார்கிட்டயும் சொல்லுவ. எனக்குத் தெரியும்."

கரெக்ட்டா சொன்னா. திரைச்சீலைய விலக்கிக்கிட்டு ஓடினேன். "சிஸ்டர், போச்சு." நர்ஸம்மா எழுதிக்கிட்டே, "விளையாடாதீங்க அப்பா"ன்னாங்க. "இல்ல சிஸ்டர், நெஜமா." "அன்னைக்கும் நெஜமாத்தான் சொன்னீங்க." நான் கையெடுத்துக் கும்புட்டேன். அவங்க எழுந்து உள்ள வந்து, "பாப்பா, அப்பா சொல்றது உண்மையா?"ன்னு கேட்டாங்க. அவ போர்வைய மூஞ்சு வரைக்கும் இழுத்துக்கிட்டா. போர்வைக்குள்ளேர்ந்து ஒரே ஒரு விரல் மட்டும் வெளிய வந்து ஆமானு ஆடுச்சு.

பத்து நிமிஷத்துல டாக்டர் வந்துட்டாங்க, பின்னாடி படிக்கிற பசங்க அஞ்சாறு பேர். ஒருத்தரும் சிரிக்கல. டாக்டர் ஸ்டெத்தஸ்கோப்ப வெச்சாங்க. கண்ண மூடிக் கேட்டாங்க. அப்புறம் தன் காதுலேர்ந்து கழட்டி என் காதுல மாட்டிவிட்டாங்க.

முதல்ல ஒண்ணும் கேக்கல, என் மூச்சுதான். அப்புறம் ரொம்பத் தூரத்துல, தண்ணி கேன்லேர்ந்து தண்ணி எறங்கும்போது ஒரு குமிழி மேல வருமே, அது. நின்னுச்சு. மறுபடி ஒண்ணு. அப்புறம் யாரோ ஒருத்தர் உள்ள நாற்காலி மேசையெல்லாம் நகத்துற மாதிரி நீளமா ஒரு சத்தம். வெட்டின எடத்தத் தாண்டி, தெச்ச தையலத் தாண்டி, ஏதோ ஒண்ணு போயிக்கிட்டு இருக்கு. இந்த உலகத்துல எவனும் சொல்லித் தராத வேலைய அது மறுபடி ஞாபகப்படுத்திக்கிட்டுச் செய்யுது. மயிலாப்பூர் கச்சேரிக்கெல்லாம் போயி தூங்கியிருக்கேன் நான். இதுக்கு முன்னாடி என் காது ஒழுங்காத் தொறந்ததே இல்லனு தோணுச்சு. அந்தப் பசங்கள்ல ஒரு பொண்ணு எனக்கு டிஷ்யூ பேப்பர் குடுத்துச்சு.

"ரெண்டு ஸ்பூன் தண்ணி குடுங்க"ன்னாங்க டாக்டர். என் பொண்டாட்டி அதுக்குள்ள வந்துட்டா. ஒரு சொட்டு சிந்தாம ஊட்டினா. பொண்ணு அந்த ரெண்டு ஸ்பூன வாயிலயே ரொம்ப நேரம் வெச்சிருந்து முழுங்கினா. தொண்டை ஏறி எறங்கறத எல்லாரும் பாத்தோம்.

அப்புறம் அவ டாக்டர்கிட்ட, "அத எனக்குக் குடுங்க"ன்னா. தன் வயித்துல வெச்சுக் கேக்கப் போறானு நெனச்சோம். காதுல மாட்டிக்கிட்டு, என்னைக் கிட்ட வரச் சொன்னா. சட்டையத் தூக்கச் சொன்னா. அத்தனை பேர் முன்னாடி என் தொப்பையில அந்த ஜில்லுனு இருக்குற வட்டத்த வெச்சு, நெத்தியச் சுருக்கிக்கிட்டுக் கேட்டா. எடத்த மாத்தி மாத்தி வெச்சா. டாக்டர் கைய கட்டிக்கிட்டுப் பொறுமையா நின்னாங்க.

"இன்னா சொல்லுது?"ன்னேன்.

"சத்தம் நெறைய கீது. ஆனா உள்ள இன்னா இருக்குனு கேமரால பாத்தாத்தான் தெரியும்." நேத்து டாக்டர் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பேசினத எல்லாம் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டிருக்கா. "எப்போ போறப்பா?"

"நீ வீட்டுக்கு வந்தப்புறம் போலாம்னு..."

"திங்கக்கெழமை"ன்னா, எங்கிட்ட இல்ல, டாக்டர்கிட்ட. டாக்டர் தலையாட்டிட்டுத் தன் நோட்டுல எழுதிக்கிட்டாங்க. ஸ்டெத்தஸ்கோப்ப திருப்பிக் குடுத்துட்டு அவ தலையணையில சாஞ்சா. நாலு நாளுக்கப்புறம் அவ உதடு ஈரமா இருந்துச்சு.

"கேமராவுக்கு முந்தின நாள்லேர்ந்து உனக்குச் சாப்பாடு கெடையாதுப்பா. பசிக்கும். மொதல்ல கஷ்டமா இருக்கும், அப்புறம் பழகிரும்"ன்னா.